பெயர் சூட்டும் நூல்

விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூர், திண்டிவனத்தாராகிய நமக்கு அயலூர் அன்று. 2023 பிப்ரவரியில் அங்கிருந்த ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். ஆதரவற்றோர், இரந்துண்டோர், மதுவுக்கு அடிமையானோர், மனநோயுற்றோர் யாவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். குற்றச்சாட்டுகளை விசாரிப்பது நீதிமன்றத்தின் பணி. நம்மை உறுத்தும் கேள்வி வேறு: இன்னார் மனநோயர், இன்னார் அல்லர் என்று அங்கே பகுத்துச் சொன்னவர் யார்?

இக்கேள்வியை நம் நாட்டுச் சட்டமும் நெடுங்காலம் கேட்கவில்லை. 1912ஆம் ஆண்டுச் சட்டத்திற்குச் 'சித்தசுவாதீனம் அற்றவர்' என்ற சொல்லே போதுமானதாயிருந்தது. அதன் இடத்தில் இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 1993இல்தான். இதற்கிடையே மருத்துவ உலகம் தன் அகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 1948இல் மனநோய்களுக்கெனத் தனிப்பகுதி சேர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952இல் தன் கையேட்டை வெளியிட்டது. இன்னின்ன அறிகுறிகள், இத்தனை நாள் நீடித்தால் இன்ன நோய் என அக்கையேட்டின் 1980ஆம் ஆண்டுப் பதிப்பு வரையறுத்தது. சென்னை மருத்துவரும் இலண்டன் மருத்துவரும் ஒரு சொல்லால் ஒரே நோயைக் குறிக்க முடிந்தது சிறிய நன்மையன்று.

அந்நூல் எட்டாத இடத்தில் நேர்ந்ததை ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன் கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். மனநோயைப் பேய் என்று எண்ணியே பல குடும்பங்கள் அவ்வூரை நாடின. (நம் திருத்தலங்களிலும் அந்த எண்ணத்தோடு வருவோரைக் கண்டிருக்கிறோம், பிறரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை.)

ஆயினும் நூல் இருந்தால் மட்டும் போதாது. சோவியத் நாட்டில் அரசை விமரிசித்தோர்க்கு, மெல்லப் படரும் மனச்சிதைவு என்று ஒரு பெயர் சூட்டி மனநல மருத்துவமனைகளில் அடைத்தனர். பெயர் சூட்டியவர்கள் கற்றறிந்த மருத்துவர்களே! உலகின் கண்டனம் வலுக்கவே, 1983இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் உலகச் சங்கத்தைவிட்டு விலகிற்று.

நம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இவ்விரு வழுக்களையும் தடுக்க முயல்கிறது. ஏற்கப்பட்ட மருத்துவ வரையறைகளின்படியே மனநோய் தீர்மானிக்கப்பட வேண்டும். சமூக நெறிக்கோ சமய நம்பிக்கைக்கோ மாறுபட்டு நிற்பது நோயாகாது. முன்பு சிகிச்சை பெற்றதை மட்டுமே காட்டி இன்று ஒருவரை மனநோயர் எனக் கூறலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயும் மகனும் பங்கு இல்லத்திற்கு வந்தனர். அவர்கள் கையில் மருமகளின் பழைய மருந்துச் சீட்டு. தலைப்பேற்றுக்குப்பின் மூன்று மாதம் மாத்திரை உண்டிருக்கிறார். "சாமி, இதை வைத்துத் திருமணத்தைச் செல்லாததாக்க வழியுண்டா?" என்றார் தாய். திருச்சபைச் சட்டத்தின் 1095ஆம் விதி நோயின் பெயரைக் கேட்பதில்லை, மணவொப்புதல் அளித்த வேளையில் இருந்த ஆற்றலையே கேட்கிறது என்று விளக்கினேன். இயலாமை வேறு, இடர்ப்பாடு வேறு என 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபை நீதிபதிகளுக்கு உணர்த்தியதையும் கூறினேன்.

மகன் தலைகுனிந்திருந்தார். "நீங்கள் இங்கு வந்தது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். சீட்டை மடித்து அவரிடமே கொடுத்து, அடுத்தமுறை மனைவியையும் அழைத்து வரச் சொன்னேன்.