கல்லில் இல்லாத பங்கு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு உறுதி சொல்லும் அந்த ஆணை, மரக்கலம் உடைந்தால் செய்யவேண்டிய கணக்கையும் சொல்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கலமானால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கலமானால் இருவருக்கும் சரிபாதி.

ஆசிரிய கலாசாலையில் இதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். பல வருடம் அப்படியே படிப்பித்தும் வந்தேன். ஒருநாள் வகுப்பில் ஒரு மீனவப் பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், கப்பலிலை வேலை செய்த ஆக்களுக்கு எத்தினை பங்கு?"

கல்லில் எஞ்சியிருக்கும் வரிகளில் அதற்குப் பதில் இல்லை.

அவனுக்கு அக்கேள்வி இயல்பானது. எங்கள் தீவுகளில் கடற்றொழில் நெடுங்காலமாகப் பங்கில் நடப்பது. மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவு கழியும். மிச்சத்தில் வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு, ஆளுக்கொரு பங்கு. அளவு கரைக்குக் கரை மாறும். ஆனால் மீன்படாத நாளின் எண்ணெய்க் கடனை மறுநாள் பாட்டிலே கழிப்பதையும் கண்டிருக்கிறேன். அப்போது முதலாளியின் நட்டம் தொழிலாளியின் தலையிலும் இறங்குகிறது.

குதிரை வணிகத்தில் பேர்பெற்ற அரபு வணிகர் அறிந்திருந்த முழாரபா முறை இதை வேறுவிதமாகத் தீர்க்கிறது. ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். கதீஜா (ரழி) அவர்களின் சரக்கோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்ற வணிகத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வர். இலாபம் முன்பே பேசிய விகிதத்தில் பிரியும். உழைத்தவரின் கவனக்குறைவின்றி நட்டம் வந்தால் பணநட்டம் முதல் போட்டவருக்கே. மற்றவர் இழப்பது தன் உழைப்பை. அதற்குமேல் கடன் அவரைத் தொடராது.

இலங்கையில் கம்பனிப் பங்கு தொழிலாளிக்குக் கிடைத்த காலமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அரச பஸ் டிப்போக்கள் மக்கள்மயக் கம்பனிகளானபோது பாதிப் பங்குகள் ஊழியருக்கு வழங்கப்பட்டன. அதே தசாப்தத்தில் பெருந்தோட்டக் கம்பனிகள் தனியாரிடம் போனபோது நூற்றுக்கு 10 பங்கு தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பஸ் கம்பனிகள் நிலைக்கவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தச் சேவை மறுபடியும் போக்குவரத்துச் சபையிடம் வந்தது. தோட்டத்திலோ 10 வீதம் வைத்திருப்பவர்கள் 90 வீதத்தின் தீர்மானத்தை மாற்ற முடியாது.

ஆகவே, பங்கு தருகிறோம் என்று யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். கணக்குப் புத்தகத்தை யார் பார்க்கலாம்? கலம் உடைந்தால் யார் தாங்குவது? இவற்றுக்குப் பதில் இல்லாத பங்கு வெறும் கடதாசி.

இப்போது அந்தக் கல்வெட்டைப் படிப்பிக்கும்போது, பண்டாரம், உடையவன் என்று எழுதி, கீழே கப்பலாட்கள் என்றும் எழுதி, இலக்கத்துக்கு இடம் விடுகிறேன். பிள்ளைகள் தமக்குள் வாதாடி நிரப்புகிறார்கள். இதுவரை ஒரு பிள்ளையும் அங்கே பூச்சியம் போடவில்லை.