கள்ளிலிருந்து ஈஸ்ட் வரை: செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையில் புளித்த மாவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டில் பீட்சா மாவு பிசைந்து சுடும் வழக்கம் அண்மையில் நம்மிடையே வந்து சேர்ந்த மேலைநாட்டுப் பழக்கமாகக் கருதப்படுகிறது. கோதுமை மாவும் மூடிய அடுப்பும் வெளியிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாவைப் புளிக்கவைத்து உப்பச் செய்யும் அறிவு இம்மண்ணுக்குப் புதியதன்று. தொண்டை நாட்டு இலக்கியச் சான்று, சொற்சான்று, காலனியக்கால நூற்சான்று ஆகியவற்றைக் கொண்டு அவ்வறிவின் தொடர்ச்சியையும், கள்ளுக்கும் ரொட்டிக்கும் இடையிலான உறவு அறுந்த விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நொதித்தல், கள், அப்பம், ரொட்டி, பீட்சா, தொண்டை நாடு, மதுவிலக்கு.

1. முன்னுரை

பன்னாட்டுப் பீட்சா நிறுவனங்கள் 1996-இல் இந்தியாவில் கால்வைத்தன. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஒத்தவாடைத் தெரு போன்ற பகுதிகளின் உணவகங்களால் அவ்வுணவு இவ்வட்டாரத்தார் கண்ணுக்குப் பழகியதாயிற்று. ஆனால் அது வீட்டு அடுக்களைக்குள் பரவலாக நுழைந்தது பின்னரே. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கின்போது கடைகள் மூடப்பட்ட நிலையில், உலகெங்கும் வீட்டில் ரொட்டியும் பீட்சாவும் சுட்டுப் பார்க்கும் ஆர்வம் பெருகியது. பல நாடுகளில் கோதுமை மாவுக்கும் ஈஸ்டுக்கும் தட்டுப்பாடு ஏற்படும் அளவுக்கு அது வளர்ந்தது.

இம்முயற்சியில் இறங்கிய கடற்கரையோர வீடுகளில் பொதுவாகக் காணப்படும் குறை ஒன்றுண்டு. குளிர்நாட்டார் எழுதிய குறிப்பில் கண்ட நேரத்தை அப்படியே பின்பற்றினால் மாவு பாத்திரத்தை மீறிப் பொங்கிப் பின் அமுங்கிவிடுகிறது. விரித்தால் கிழிகிறது. இக்குறையைக் கைப்பழக்கமின்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதே வீட்டில் இட்லி மாவு நாள்தோறும் பிழையின்றிப் பொங்குகிறது. புளிப்பின் நுட்பம் அறிந்த ஒரு சமூகம், மற்றொரு புளித்த மாவின் முன் ஏன் தொடக்கநிலை மாணாக்கராக நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கான விடை சமையற்குறிப்பில் இல்லை, வரலாற்றில் உள்ளது.

2. இலக்கியச் சான்று

தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிக்குச் செல்லும் வழியிலுள்ள குடியிருப்புகளை அவற்றின் உணவுடன் காட்டுகிறது. அவ்வழியில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை மாமல்லபுரத்துடன் இணைத்துக் காணும் அறிஞர்களும் உளர். இவ்வாய்வுக்கு அந்நூலின் இரு பகுதிகள் முதன்மையானவை.

முதலாவது, வலைஞர் குடியிருப்பில் அரிசியிலிருந்து கள் ஆக்கும் முறை. கொழியாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல், வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுதல், நல்ல அடையைக் கலத்தல், இரு பகலும் இரு இரவும் கழியவிடுதல், வலிய வாயையுடைய சாடியில் முற்ற விளையவைத்தல் எனப் படிப்படியாக அச்செய்முறை அமைகிறது. அடை என்பதை முளையடை என உரை விளக்கும். சூடாறிய பின்னரே அடையைக் கலக்கவேண்டும் என்னும் வரிசை கருதத்தக்கது. சூட்டோடு கலந்தால் நொதிக்கச் செய்யும் ஆற்றல் அழியும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்தவரே இவ்வரிசையைக் கடைப்பிடித்திருக்க இயலும். நொதித்தலின் கால அளவு குறிக்கப்படுவதும் நோக்கத்தக்கது.

இரண்டாவது, அப்பம் சுடும் கூவியர் பற்றிய குறிப்பு. மதுரைக்காஞ்சியும் கூவியரைச் சுட்டுகிறது. அப்பம் சுட்டு விற்பது ஒரு தொழிலாகவே நிலைபெற்றிருந்ததை இவை உணர்த்துகின்றன. அவ்வப்பத்தின் மாவு புளிக்கவைக்கப்பட்டதா என்பதை இப்பகுதி வெளிப்படையாகக் கூறவில்லை. எனவே இதனை நேரே இன்றைய ஆப்பத்தின் மூதாதையாகக் கொள்வது மிகையாகும். தானியத்தை அளவறிந்து நொதிக்கவைக்கும் அறிவும், மாவை வட்டமாகச் சுட்டு விற்கும் தொழிலும் ஒரே நிலப்பரப்பில் அருகருகே இருந்தன என்பது வரையில் உறுதியாகக் கூறலாம்.

3. சொற்சான்று

ஒரு பொருளில் எப்பகுதி வந்தது, எப்பகுதி இருந்தது என்பதைச் சொற்கள் காட்டிக்கொடுக்கும். ஈழத்தமிழில் ரொட்டியைக் குறிக்கும் பாண் என்பதும், அதனைச் சுடும் அடுப்பைக் குறிக்கும் போறணை என்பதும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. தமிழகத்தின் பொது வழக்கில் அவை நிலைக்கவில்லை. இங்கு வடபுலத்து ரொட்டியும், ஆங்கிலத்தின் பன், பேக்கரி ஆகியனவும் இடம்பிடித்தன. அடுமனை, வெதுப்பகம் என்பன பிற்காலத்தில் பரவிய ஆக்கச் சொற்கள்.

ஆனால் மாவை உப்பச் செய்யும் பொருளுக்கும் வினைக்கும் கடன்சொல் தேவைப்படவில்லை. தரங்கம்பாடியில் 1714–15-இல் புதிய ஏற்பாடு அச்சேறியது முதல் வளர்ந்த தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு மரபில் அப்பம், புளித்தமா, புளிப்பில்லாத அப்பம் ஆகிய சொற்களே நிலைபெற்றன. கோதுமை ரொட்டியைக் கண்டறியாத வாசகருக்கும் மாவு புளித்தல் என்னும் கருத்து விளக்கமின்றியே புரிந்திருக்கும். அடுப்புக்குக் கடன்சொல், புளிப்புக்குத் தாய்ச்சொல் என்னும் இப்பாகுபாடு, வந்தது எது, இருந்தது எது என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது.

4. கள்ளும் ரொட்டியும்

கோதுமை விளையாத நெல் மாவட்டமாகிய செங்கல்பட்டில் ரொட்டிக்கான தேவையை உருவாக்கியோரில் முதன்மையானவர்கள் கடற்கரையில் குடியேறிய ஐரோப்பியர். கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டிலேயே வணிகம் நடத்தினர். அவர்களது கோட்டையும் கல்லறைகளும் இன்றும் அங்குள்ளன. 1824ஆம் ஆண்டின் ஆங்கில – டச்சு உடன்படிக்கையின் வழி அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆஸ்டெண்ட் கும்பினியார் பண்டகசாலை அமைத்தனர்.

ஐரோப்பாவில் ரொட்டியை உப்பச் செய்தது மதுவடிப்போரிடம் கிடைத்த நுரை அல்லது பழைய மாவு. கப்பலில் மாவு வரலாம்; உயிருள்ள நுரை மாதக்கணக்கான கடற்பயணத்தைத் தாங்குவது அரிது. அவ்விடத்தை நிரப்பியது கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இந்தியாவில் ரொட்டியை உப்பச் செய்யப் பொதுவாகப் பயன்படும் பொருள் கள்ளே என்று பதிவுசெய்கிறது. தொகுத்தோரில் பர்னல் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். கோவாவின் ரொட்டிக்கும், கேரளத்தின் கள்ளப்பத்திற்கும், இலங்கையின் அப்பத்திற்கும் கள்ளே மரபான புளிப்பு. பனை நிறைந்த செங்கல்பட்டுக் கடற்கரையும் இவ்வரிசையில் இருந்தது என்று கொள்வதே பொருத்தமான ஊகம்.

கள் ஏன் இதற்கு ஏற்றதாயிற்று? பனஞ்சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு சர்க்கரை உண்டு. கலயத்தில் விழுந்த கணமே ஈஸ்டும் பாக்டீரியாக்களும் அதில் பெருகத் தொடங்குகின்றன. இன்று பொட்டலத்தில் விற்கப்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் அதே ஈஸ்ட் இனம் கள்ளிலும் உள்ளது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும், தடவாவிடில் கள்ளாகும். சாறு ஒன்றே, முடிவெடுப்பது மரமேறியின் கை.

காலையில் இனிக்கும் கள் மாலைக்குள் புளிக்கிறது. பனை ஆண்டு முழுதும் சாறு தருவதுமில்லை. ஆகவே கள்ளைக் கொண்டு மாவு பிசைந்தவர்க்கு இத்தனை மாவுக்கு இத்தனை புளிப்பு என்னும் நிலையான அளவு பயன்பட்டிருக்காது. நுரையைக் கண்டு, மணத்தை முகர்ந்து, அன்றைய வெயிலைக் கணக்கிட்டு அளவிடவேண்டியிருந்தது. வேறு சொற்களில் கூறினால், ஒவ்வொரு நாள் மாவும் ஒரு சோதனையே.

5. உறவு அறுந்த காலம்

இவ்வுறவு மூன்று படிகளில் அறுந்தது. முதற்படி வேதிப்பொடியின் வரவு. சென்னைப் படையில் பணியாற்றிய கென்னி-ஹெர்பர்ட், வைவர்ன் என்னும் புனைபெயரில் 1878-இல் சென்னை வாழ் ஆங்கிலேயருக்கான சமையல் நூலை வெளியிட்டார். ரொட்டி செய்வதற்குப் பேக்கிங் பவுடரைப் பரிந்துரைக்கும் போக்கை அதில் காண்கிறோம். பொடிக்குக் காத்திருப்பு வேண்டா. மரமேறியை எதிர்நோக்கவும் வேண்டா.

இரண்டாம் படி மதுவிலக்கு. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. இடையில் 1971-இலும் 1981-இலும் தளர்த்தப்பட்டபோதிலும், 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கி விற்பது தொடர்ந்து தடைசெய்யப்பட்டுள்ளது. இச்சட்டத்தின் நோக்கம் குடியைத் தடுப்பதே. எனினும் கள்ளைப் புளிப்பாகப் பயன்படுத்திய அடுக்களை வழக்கும் அதனுடன் சேர்ந்தே ஒடுங்கியது. தடையற்ற கேரளத்தில் கள்ளப்பம் பெயரோடும் பொருளோடும் நீடிக்க, தமிழ்நாட்டு ஆப்பமாவில் உளுந்தும் வெந்தயமும் ஆப்பசோடாவும் ஈஸ்டும் அவ்விடத்தைப் பெற்றிருப்பது ஒப்புநோக்கத்தக்கது.

மூன்றாம் படி ஆலை உற்பத்தி. 1950களின் பிற்பகுதி முதல் அமெரிக்க உணவுதவித் திட்டத்தின் வழிக் கோதுமை பெருமளவில் இறக்குமதியாயிற்று. 1965-இல் நடுவண் அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனம், சென்னை உள்ளிட்ட நகரங்களில் வெட்டிய ரொட்டியைப் பொட்டலமாக விற்றது. ரொட்டி எல்லார்க்கும் எட்டியது. அதை ஆக்கும் அறிவோ வீட்டுக்கு எட்டாமல் ஆலைக்குள் நின்றது.

6. இன்றைய பீட்சா மாவு

இப்பின்னணியில் பீட்சா மாவின் செய்முறையை நோக்கலாம். நேப்பிள்ஸ் பீட்சாவின் மரபைக் காக்க ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட விதிமுறை ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ மாவு, 50 முதல் 55 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட் என வரையறுக்கிறது. மாவு முதலில் 2 மணி நேரமும், உருண்டைகளாக்கிய பின் 4 முதல் 6 மணி நேரமும் பொங்கவேண்டும். இக்கணக்கு 25 பாகை செல்சியசை ஒட்டிய சூழலுக்கு உரியது. மாமல்லபுரக் கடற்கரையில் சித்திரை, வைகாசிப் பகல்கள் 35 பாகையைக் கடப்பது இயல்பு. 10 பாகை ஏறினால் ஈஸ்டின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே அதே அளவும் நேரமும் இங்கு மாவை மிகையாகப் புளிக்கச் செய்கின்றன.

இதற்கான தீர்வு இட்லி மாவில் ஏற்கெனவே உள்ளது. கோடையில் குளிர்ந்த நீர் விட்டு அரைத்தல், மாவு எழுந்தவுடன் குளிர்பெட்டியில் வைத்தல், மார்கழியில் நேரத்தை நீட்டுதல், பழைய மாவைச் சிறிது சேர்த்தல் ஆகியன நம் வீடுகள் அறிந்தவை. ஈஸ்டைக் குறைத்து, குளிர்நீரில் பிசைந்து, குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் பீட்சா மாவும் கட்டுக்குள் வரும்.

ஆயினும் ஒற்றுமைக்கு ஓர் எல்லை உண்டு. இட்லி மாவில் வாயுவை உண்டாக்குவதில் முதன்மையானது லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா. அவ்வாயுவைத் தாங்குவன உளுந்தின் புரதமும் கொழகொழப்பும். பீட்சா மாவில் அப்பணியைச் செய்வது கோதுமையின் குளூட்டன். இட்லி மாவு மிகையாகப் புளித்தால் சுவை மட்டுமே பெரிதும் கெடும். மாவு தோசைக்கு உதவும். கோதுமை மாவு மிகையாகப் புளித்தால் குளூட்டன் நலிந்து, மாவு ஒட்டிக் கிழியும். புளிப்பறிவு இட்லியிலிருந்து வரவேண்டும். இழுவையறிவைப் பரோட்டா மாவு பிசையும் கைகளிடம் கற்கவேண்டும்.

அடுப்பிலும் இத்தகைய இசைவு காணப்படுகிறது. நேப்பிள்ஸ் அடுப்பின் தளம் 485 பாகை வரை காய்ந்து, 60 முதல் 90 நொடிகளில் பீட்சாவைச் சுடுகிறது. வீட்டு மின்னடுப்பு பொதுவாக 250 பாகையைத் தாண்டுவதில்லை. இக்குறையை ஈடுசெய்ய, நன்கு காய்ந்த இரும்புத் தோசைக்கல்லின் மேல் மாவை இடுகின்றனர். மின்னடுப்பு இல்லாதோர் கனமான பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பிச் சூடேற்றி அதனுள் சுடுகின்றனர். மணற்சட்டியில் பாத்திரத்தை வைத்து, மூடிமேல் தணலிட்டுக் கேக் சுட்ட முந்தைய தலைமுறையின் முறையே இது.

7. முடிவுரை

செங்கல்பட்டுக் கடற்கரையில் கோதுமையும் மூடிய அடுப்பும் வந்தவை. புளிப்பு இங்கே இருந்தது. சாடியில் களியை விளையவைத்த வலைஞர் காலந்தொட்டு அறியப்பட்ட அவ்வறிவு, கள்ளின் வழி ரொட்டியோடு உறவாடி, 20ஆம் நூற்றாண்டில் அவ்வுறவை இழந்தது. அரிசி மாவில் தொடர்ந்த அறிவு கோதுமை மாவில் தொடராமற்போனமையே இன்றைய தடுமாற்றத்தின் காரணம். பீட்சா மாவோடு வீட்டார் நடத்தும் சோதனைகளை வெறும் பார்த்துச்செய்தலாகக் கொள்ளாமல், அறுந்த இழையை மீண்டும் முடிச்சிடும் முயற்சியாகக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

ஆய்வாளர்க்கு ஒரு கடமை எஞ்சியுள்ளது. 1987-இல் இருபது வயதினராக மரமேறியவர்கள் இன்று அறுபதை அண்மிக்கின்றனர் அல்லது கடந்துவிட்டனர். கள்ளின் நுரையைக் கண்டே அதன் வீரியத்தைச் சொல்லவல்லவர்கள் அவர்களே. சதுரங்கப்பட்டினம், கோவளம், மாமல்லபுரம், செங்கல்பட்டு ஆகிய ஊர்களின் மரமேறிகள், பழைய ரொட்டிக்கடைக்காரர், ஆப்பம் சுட்டு விற்ற பெண்கள் ஆகியோரின் வாய்மொழியைத் தொகுப்பது உடனடித் தேவை. ஆவணக் காப்பகம் காத்திருக்கும்; அவர்கள் நினைவு காத்திராது.