வெண்சிலுவைப் படையும் அதன் மௌனமும்

பெண்களுக்கு இழைக்கப்படும் வன்முறையைக் குறித்துத் திருச்சபை பேசும்போது, பெரும்பாலும் பெண்களுக்கே அறிவுரை கூறுகிறது. ஆண்களுக்குப் போதிப்பதே முதற்கடமை எனக் கருதிய இயக்கம் ஒன்று சபை வரலாற்றில் இருந்தது. அதன் சிறப்பையும் குறைவையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

படைவீரரிடையே பரவிய பால்வினை நோய்களைத் தடுக்க, இங்கிலாந்தில் 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்கள் இயற்றப்பட்டன. படைமுகாம்களும் துறைமுகங்களும் இருந்த ஊர்களில், விலைமாது எனக் காவலர் ஐயுற்ற பெண் மருத்துவச் சோதனைக்கு உடன்பட வேண்டும், மறுத்தால் சிறை. அவளிடம் சென்ற ஆணுக்கோ சோதனை இல்லை. குருவானவர் ஒருவரின் மனைவியாகிய ஜோசபின் பட்லர் அம்மையார் 1869 முதல் இவ்வநீதியை எதிர்த்துப் போராடினார். 1886இல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

இக்காலத்திலேயே, 1883இல், எலிஸ் ஹாப்கின்ஸ் அம்மையார் டர்ஹாம் பேராயர் லைட்ஃபுட்டின் துணையோடு வெண்சிலுவைப் படையைத் தொடங்கினார். நிருப விளக்கவுரைகளால் நம் மாணவர் அறிந்த அதே லைட்ஃபுட் இவர். படையில் சேர்ந்த ஆண்கள் ஐந்து உறுதிமொழிகளை ஏற்றனர்: பெண்கள் அனைவரையும் மதித்துத் தீங்கினின்று காத்தல்; ஆபாசப் பேச்சை ஒழித்தல்; தூய்மையின் நெறி இருபாலார்க்கும் ஒன்றே எனக் கொள்ளுதல்; இதனைத் தோழர்க்கும் இளையோர்க்கும் கற்பித்தல்; தம்மைத் தூயராகக் காத்தல். ஆணின் தவறு இளமையின் குறும்பு, பெண்ணின் தவறு அழியாப் பழி என்றிருந்த சமுதாயத்தில், மூன்றாம் உறுதிமொழி துணிவு மிக்கது.

ஆயினும் அவ்வியக்கம் பெண்ணைக் காக்கப்பட வேண்டியவளாகக் கண்டதேயன்றி, தன் உடலைக் குறித்துத் தானே தீர்மானிக்கும் உரிமையுடையவளாகக் காணவில்லை. விலைமாதருடன் வாழ்ந்த சிறுமியரை அவர்களிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் சேர்க்க வழிசெய்த 1880ஆம் ஆண்டுச் சட்டத்திற்காக ஹாப்கின்ஸ் அம்மையாரே உழைத்தார். பாதுகாப்பு என்பது இவ்வாறு கட்டுப்பாடாகவும் மாறிற்று.

இல்லறத்தைக் குறித்த மௌனம் இதனினும் பெரிது. மணவுடன்படிக்கையால் தன்னைக் கணவனுக்கு அளித்த மனைவி அதைத் திரும்பப் பெற இயலாது என்னும் நீதிபதி மத்தேயு ஹேலின் கருத்து 1736இல் அச்சாயிற்று. இங்கிலாந்தின் நீதிமன்றம் அதனை முற்றிலும் தள்ளியது 1991இல்தான். அக்கருத்தின் வழிவந்த விதிவிலக்கு 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18 வயது நிறைந்த மனைவியைப் பொறுத்தவரை அது நீடிக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமைக்கு நிவாரணம் அளிப்பினும், அதனைக் குற்றமெனத் தண்டிக்கும் சட்டம் அன்று.

1 கொரிந்தியர் 7:4இன் முற்பாதியைக் கணவனின் உரிமைச் சாசனமாகக் கொள்வோர் உளர். பிற்பாதியிலோ, கணவனும் தன் உடலுக்கு அதிகாரியல்லன் என்று பவுல் கூறுகிறார். தன் உடலுக்கே தனியதிகாரம் இல்லாதவன் மனைவியின் உடலைப் பலவந்தம் செய்ய எவ்வாறு உரிமை கோருவான்?

திருமண ஆயத்தத்தின்போது மணமகளுக்குக் கீழ்ப்படிதலைப் போதிக்க நாம் மறப்பதில்லை. மனைவியின் மறுப்பும் மதிக்கப்படத்தக்கது என்று மணமகனிடம் நம்மில் எத்தனை பேர் கூறியிருக்கிறோம்? வெண்சிலுவைப் படை தொடங்கி நிறைவுசெய்யாத போதனை அதுவே. அதைத் தொடர்வது நம் கடன்.