ஐரோப்பாவில் 'கிரில்' உணவகமா? மாட்டிறைச்சி உண்ணாதோர் கேட்க வேண்டிய கேள்விகள்

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லும் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பல, ஊறுகாய் போத்தலையும் மேகி பொட்டலத்தையும் பெட்டியில் வைக்க மறப்பதில்லை. ஆனால் பத்து நாள் பயணத்தில் எல்லா வேளையும் தங்கும் அறையிலேயே பசியாற முடியாது. ரயில் நிலையத்தின் எதிரிலும் நகரச் சதுக்கத்தின் ஓரத்திலும் முதலில் கண்ணில் படுவது, பெரும்பாலும் தணலில் இறைச்சி வாட்டித் தரும் 'கிரில்' உணவகம் அல்லது 'ஸ்டேக்' உணவகம்தான்.

பாட்டி மாட்டிறைச்சியைத் தொடாதவர். அப்பாவுக்குக் கோழி, ஆடு மட்டும். மருமகள் சைவம். பேரன் எதையும் சாப்பிடுவான். இப்படிப்பட்ட குடும்பம் ஒரே மேசையில் அமர்ந்து, புரியாத மொழியில் எழுதிய உணவுப் பட்டியலைக் கையில் பிடிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கோழியைக் கேட்டு வாங்கினாலும், அதன் மேல் ஊற்றிய குழம்பிலும் பக்கத்தில் வைத்த உருளைக்கிழங்கிலும் மாடு இருக்கக்கூடும். பயணத்துக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

பெயரில் இல்லாத மாடு

ஐரோப்பிய உணவுப் பட்டியலில் 'ஸ்டேக்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது மாட்டிறைச்சி. கோழி, பன்றி, மீன் என்று அடைமொழி சேர்ந்திருந்தால் மட்டுமே அது வேறு. ஆங்கிலத்தின் 'பீஃப்ஸ்டேக்' என்ற சொல்லே இத்தாலியில் 'பிஸ்தெக்கா' என்றும், பிரான்சில் 'பிஃப்டெக்' என்றும், போர்ச்சுகலில் 'பீஃபெ' என்றும் மாறி வழங்குகிறது.

இறைச்சித் துண்டின் பெயரை மட்டும் எழுதும் வழக்கமும் உண்டு. 'சர்லோயின்', 'ரிப் ஐ', 'டி-போன்', 'ரம்ப்' ஆகியவை ஆங்கிலப் பட்டியலில் வரும் மாட்டுத் துண்டுகள். பிரான்சில் 'ஆந்த்ரகோத்', 'பவெத்', 'ஃபோ ஃபிலே' என்று இருக்கும். இத்தாலியில் 'தல்யாத்தா', ஸ்பெயினில் 'சுலெத்தோன்'. இவற்றில் எதிலும் மாடு என்ற சொல் வராது. 'தார்த்தார்' என்பது பச்சையாகவே பரிமாறப்படும் கொத்திய மாட்டிறைச்சி. 'கார்ப்பாச்சோ' வெனிஸ் நகரின் ஹாரிஸ் பார் உணவகத்தில் உருவான, மெல்லியதாகச் சீவிய பச்சை மாட்டிறைச்சி. இன்று மீனிலும் காய்கறியிலும் 'கார்ப்பாச்சோ' செய்கிறார்கள் என்பதால் எதில் செய்தது என்று கேட்பது நல்லது.

கன்றின் இறைச்சிக்குத் தனிப் பெயர் இருப்பதையும் கவனிக்க வேண்டும். "மாடு இல்லை, கன்றுதான்" என்று பணியாளர் நல்லெண்ணத்தோடு சொல்லும் சூழல் உண்டு. அவர்கள் மொழியில் இரண்டும் வேறு வேறு.

அறிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

பிரான்ஸ்: மாடு 'பெஃப்', கன்று 'வோ', பன்றி 'போர்', ஆட்டுக்குட்டி 'அன்யோ', கோழி 'பூலே'.

இத்தாலி: மாடு 'மான்ட்ஸோ', கன்று 'வித்தெல்லோ', பன்றி 'மயாலே', ஆட்டுக்குட்டி 'அன்யெல்லோ', கோழி 'போல்லோ'.

ஸ்பெயின்: மாடு 'பாக்கா' அல்லது 'புவேய்', இளமாடு 'தெர்னேரா', பன்றி 'தெர்தோ', ஆட்டுக்குட்டி 'கொர்தேரோ', கோழி 'போயோ'.

போர்ச்சுகல்: மாடு 'வாக்கா', கன்று 'வித்தேலா', பன்றி 'போர்க்கு', கோழி 'ஃப்ராங்கு'.

ஜெர்மனி, ஆஸ்திரியா: மாடு 'ரிண்ட்', கன்று 'கால்ப்', பன்றி 'ஷ்வைன்', ஆட்டுக்குட்டி 'லாம்', கோழி 'ஹென்ஷென்'.

கிரேக்கம்: மாடு 'மொஸ்காரி', பன்றி 'ஹிரினோ', ஆட்டுக்குட்டி 'அர்னி', கோழி 'கொத்தோபுலோ'.

துருக்கி: மாடு 'டானா', ஆட்டுக்குட்டி 'குஸு', கோழி 'தாவுக்'.

பொரித்த கிழங்கிலும் கவனம்

பலருக்குத் தெரியாதது இதுதான். பெல்ஜியத்தின் புகழ்பெற்ற பொரித்த உருளைக்கிழங்கு, மரபுப்படி மாட்டுக் கொழுப்பில் இரண்டு முறை பொரிக்கப்படுகிறது. இன்று தாவர எண்ணெய்க்கு மாறிய கடைகளும் உண்டு. ஆனால் கொழுப்பில் பொரிப்பதையே பெருமையாகச் சொல்லும் கடைகளும் குறைவில்லை. இங்கிலாந்தின் வட பகுதியில், குறிப்பாக யார்க்‌ஷயரில், 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' கடைகள் பல மாட்டுக் கொழுப்பையே பயன்படுத்துகின்றன. அங்கே அதற்கு 'பீஃப் டிரிப்பிங்' என்று பெயர். லண்டனின் ஸ்டேக் உணவகங்களிலும் இவ்வகைக் கிழங்கு பட்டியலில் இருக்கும். மீனும் கிழங்கும்தானே என்று நம்பி வாங்குபவர், எந்த எண்ணெயில் பொரித்தது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோழியின் மேல் ஊற்றும் மிளகுக் குழம்பும் காளான் குழம்பும் பெரும்பாலும் மாடு அல்லது கன்றின் எலும்பை வேகவைத்த சாற்றில் செய்யப்படுகின்றன. பிரெஞ்சு வெங்காய சூப்பும் வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் தயாராகிறது. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் தரச் சொன்னாலே பாதிக் கவலை தீரும். 'பன்னா கொத்தா' போன்ற இனிப்புகளை உறைய வைக்கும் ஜெலட்டின், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. 'பார்மிஜானோ' பாலாடைக்கட்டியை உறையவிடக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் சேர்க்கிறார்கள். கடுஞ்சைவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாட்டும் கம்பியைப் பற்றியும் கேட்கலாம். மாடு வாட்டிய அதே கம்பியில்தான் கோழியும் கத்தரிக்காயும் வேகும். தனிச் சட்டியில் சமைத்துத் தர முடியுமா என்று கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டால், பல இடங்களில் செய்து தருவார்கள்.

ஒவ்வாமைப் பட்டியல் போதாது

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 எண் விதிமுறை, 2014 டிசம்பர் 13 முதல் நடப்பில் உள்ளது. இதன்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் குறித்த விவரத்தை உணவகங்கள் தர வேண்டும். பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, எள், கடுகு போன்றவை அதில் அடங்கும். பிரிட்டனிலும் இதே 14 பொருள்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலில் மாட்டிறைச்சி இல்லை. பணியாளர் அட்டவணையைக் காட்டி "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று சொன்னால், அது ஒவ்வாமைக்கான பதில் மட்டுமே. மாட்டுக் கொழுப்பும் எலும்புச் சாறும் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு

இத்தாலி: ஃபுளோரன்ஸ் நகரின் 'பிஸ்தெக்கா அல்லா ஃபியோரெந்தீனா' உலகப் புகழ் பெற்றது. கியானீனா என்ற வெள்ளை மாட்டினத்தோடு சேர்த்துப் பேசப்படும் எலும்புத் துண்டு இது. மூன்று, நான்கு விரல் தடிமனில் வெட்டி, உள்ளே சிவப்பாகவே பரிமாறுவார்கள். பி.எஸ்.இ. மாட்டு நோய்ப் பரவலின்போது 2001 முதல் 2005 இறுதி வரை எலும்போடு விற்கத் தடை இருந்தது. இதை நன்றாக வேகவைக்கச் சொன்னால் பல சமையற்காரர்கள் மறுத்துவிடுவார்கள். விலை எடைக்கணக்கில் இருக்கும். 'எத்தோ' என்றால் 100 கிராம். பட்டியலில் 6 யூரோ என்று பார்த்து ஒரு கிலோ துண்டை வாங்கினால் 60 யூரோ கட்ட வேண்டும். சுட்ட மீனுக்கும் இதே கணக்கு உண்டு என்பதால் மாடு சாப்பிடாதவர்களும் கவனிக்க வேண்டும்.

பிரான்ஸ்: ஸ்டேக்கும் பொரித்த கிழங்கும் அங்கே அன்றாட உணவு. உணவகங்கள் தாங்கள் தரும் மாட்டிறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை 2002ஆம் ஆண்டு ஆணைப்படி அறிவிக்க வேண்டும். 2022 முதல் இது பன்றி, ஆடு, கோழிக்கும் பொருந்துகிறது. சுவரில் தொங்கும் அந்த அட்டையில் 'விய்யாந்த் போவீன்' என்று இருந்தால் அது மாட்டு இனத்து இறைச்சி.

ஸ்பெயின்: 'அசதோர்' எனப்படும் வாட்டல் உணவகங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடும். கஸ்தீயா பகுதியில் விறகு அடுப்பில் வேகும் பால்குடி ஆட்டுக்குட்டி சிறப்பு. செகோவியா நகரில் பன்றிக்குட்டி. பாஸ்க் கடலோரத்தின் கெத்தாரியா ஊரில் முழு மீனைக் கரித்தணலில் வாட்டுகிறார்கள். கத்தலோனியாவில் குளிர்காலம் முடியும் தருவாயில் 'கல்சோத்' என்ற நீண்ட வெங்காயத் தாளை நெருப்பில் கருக்கி, மேல் தோலை உரித்து, பாதாம் சேர்த்த சட்னி போன்ற 'ரொமெஸ்கோ'வில் தொட்டுக் கையாலேயே சாப்பிடுவார்கள். சைவர்களுக்கு இது நல்ல விருந்து. இரவு உணவு 9 மணிக்குத்தான் களைகட்டும். பிற்பகலில் சமையலறை மூடிவிடும். மாமாக் கடை போல எந்நேரமும் கிடைக்கும் என்று நினைத்துப் பிள்ளைகளைப் பட்டினி போடக் கூடாது.

போர்ச்சுகல்: மாட்டிறைச்சி உண்ணாத குடும்பத்துக்கு மிக எளிதான நாடு. 'ஷுராஸ்கெய்ரா' என்ற கடைகளின் முதன்மை உணவே கரியில் வாட்டிய கோழி. அதன் மேல் பூசும் 'பிரி பிரி' மிளகாய் எண்ணெய் நம் நாவுக்கு ஒத்துப்போகும். இந்தியாவுக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்களும் போர்த்துகீசியர்களே. ஜூன் மாதம் லிஸ்பனில் புனித அந்தோணியார் விழாவின்போது தெருவெங்கும் மத்தி மீன் சுடும் புகை எழும். மலாக்கா போர்த்துகீசியக் குடியிருப்பின் ஈக்கான் பாக்கார் கடைகளை அறிந்தவர்களுக்கு அந்த வாசம் புதிதல்ல.

ஜெர்மனி: 'டோனர்' கடைகளில் கோழி என்று சொல்லாவிட்டால் கிடைப்பது பெரும்பாலும் மாடு அல்லது கன்று. தெருவில் வாட்டும் 'பிராட்வுர்ஸ்ட்' தொத்திறைச்சி வழக்கமாகப் பன்றி.

போஸ்னியா, செர்பியா: சரயேவோ நகரின் 'செவாப்பி' பார்வைக்குச் சாத்தே போலிருந்தாலும், அதில் மாட்டிறைச்சியே முதன்மை. செர்பியாவில் பன்றியும் கலக்கக்கூடும். கோழி வேண்டுமானால் 'பிலேதினா' என்று கேட்க வேண்டும்.

கிரேக்கம், துருக்கி: கிரேக்கத்தில் 'சுவ்லாக்கி' என்றால் பெரும்பாலும் பன்றி. கோழி என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆட்டு விலா எலும்பு வாட்டலான 'பைதாக்கியா' பரவலாகக் கிடைக்கும். துருக்கியின் 'அடானா கெபாப்' ஆட்டிறைச்சியில் செய்வது. 'கொஃப்தே' உருண்டையில் மாடு இருக்கும்.

ஹலால் தேடுவோருக்கு

ஜாக்கிம் முத்திரை போல நாடு முழுமைக்கும் ஒரே அரசுச் சான்று பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் இல்லை. பல அமைப்புகள் தனித்தனியே சான்றளிக்கின்றன. கடைக்காரரிடம் சான்றிதழைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. லண்டன், பெர்லின், பாரிஸ் நகரங்களில் துருக்கியர் நடத்தும் கரியடுப்பு உணவகங்கள் இந்திய முஸ்லிம் பயணிகளுக்கு உதவும்.

வேகும் பதம்

மாட்டிறைச்சி உண்பவர்கள் பதத்தைச் சொல்லி வாங்க வேண்டும். பிரான்சில் 'சென்யான்' என்றால் உள்ளே சிவப்பு, 'ஆ புவான்' நடுத்தரம், 'பியான் க்வி' நன்கு வெந்தது. இத்தாலியில் நன்கு வெந்ததற்கு 'பென் கோத்தா', ஸ்பெயினில் 'முய் எச்சோ'. தட்டில் கசியும் சிவப்பு நீர் இரத்தம் அல்ல. தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர் அது. கர்ப்பிணிகள், முதியோர், சிறு பிள்ளைகள் நன்கு வெந்ததையே கேட்க வேண்டும்.

பில்லில் வரும் கூடுதல் தொகை

இத்தாலியில் ஆளுக்கு ஒரு தொகை 'கொப்பெர்த்தோ' என்ற பெயரில் சேரும். போர்ச்சுகலில் உட்கார்ந்ததும் மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி இலவசமல்ல. வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். கேட்காத, தொடாத பண்டத்துக்குக் கட்டணம் வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியுள்ளது; ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் இலவசம், 'கராஃப் தோ' என்று கேட்க வேண்டும். லண்டனில் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் பில்லில் சேர்ந்திருப்பது வழக்கம். அது விருப்பத் தொகை என்று குறிப்பிட்டிருந்தால் நீக்கச் சொல்லலாம்.

கைப்பேசியில் வைத்துக்கொள்ள

"நான் மாட்டிறைச்சி உண்பதில்லை" என்பதைச் சொல்லும் விதம்:

பிரெஞ்சு: ஜெ நெ மான்ஜ் பா தெ பெஃப்.
இத்தாலியம்: நோன் மான்ஜோ கார்னே போவீனா.
ஸ்பானியம்: நோ கோமோ தெர்னேரா நி பாக்கா.
ஜெர்மன்: இஷ் எஸ்ஸெ கைன் ரிண்ட்ஃப்ளைஷ்.

உச்சரிப்பு தவறக்கூடும் என்பதால் அந்தந்த மொழி எழுத்தில் இவ்வாக்கியத்தைச் சேமித்துப் பணியாளரிடம் காட்டுவது சிறந்தது. அதோடு "கொழுப்பு, எலும்புச் சாறு, ஜெலட்டின் எதுவும் வேண்டாம்" என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

குழுவாகச் செல்பவர்கள், பயண நிறுவனத்திடம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே உணவுக் கட்டுப்பாட்டை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எதுவும் சரிப்படாத நாளில் பாரிஸின் லா ஷப்பேல், லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பகுதிகளில் தமிழர் உணவகங்கள் இருக்கின்றன. அங்கே தோசையோ சோறோ கேட்டு வாங்கப் பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.