ஒரே பட்டை, இரண்டு உச்சங்கள்: ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பெக்டினேஸ் தூய்மை பற்றிய ஒரு மறுவாசிப்பு

ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையிலிருந்து தூய்மையாக்கிய பெக்டினேஸ், பி.எச். 5-ஐ ஒட்டி ஓர் உச்சமும் 8.5-ஐ ஒட்டி இன்னோர் உச்சமும் காட்டும்போது, ஒரே நொதி இரு நிலைகளிலும் இயங்குகிறது என்று விளக்குவது ஒரு வழக்கம். அம்மோனியம் சல்பேட் படிவாக்கம், அயனிப் பரிமாற்றம், ஜெல் வடிகட்டல் ஆகியவற்றுக்குப் பின் எஸ்.டி.எஸ். ஜெல்லில் தெரியும் ஒற்றைப் பட்டையே அதற்குச் சான்றாகிறது. இரண்டாம் உச்சம் பெரும்பாலும் உடன்வந்த லையேஸ் நொதிக்கு உரியது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சிக்கல் அளவீட்டிலேயே தொடங்குகிறது. டைநைட்ரோசாலிசிலிக் அமில முறை, சங்கிலி அறுபடும்போது தோன்றும் ஒடுக்கும் முனைகளை மட்டுமே அளக்கிறது. பாலிகேலக்டுரோனேஸ் நீராற்பகுப்பால் அறுத்தாலும், லையேஸ் நீரின்றி நீக்கவினையால் அறுத்தாலும், ஓர் ஒடுக்கும் முனை உருவாகும். நிறம் ஒன்றுபோலவே கூடும். லையேஸ் வெட்டில் மட்டுமே மறுதுண்டின் முனையில் இரட்டைப் பிணைப்பு உண்டாகி, 235 நானோமீட்டரில் புற ஊதா ஒளியை உறிஞ்சும். எனவே அந்த அலைநீளத்தில் அளக்காத ஆய்வு, 8.5-இல் கண்ட செயல்பாடு எந்த நொதியுடையது என்று சொல்லும் தகுதியைப் பெறவில்லை.

கால்சியமும் இதே திசையைக் காட்டுகிறது. பெக்டேட் லையேஸ் கால்சியமின்றி இயங்காது. கார நிலையே அதற்கு உகந்தது. கார உச்சம் கால்சியம் சேர்க்க உயர்ந்து, இ.டி.டி.ஏ. சேர்க்க மறைந்தால், அதைப் பாலிகேலக்டுரோனேஸின் பண்பாகப் படிப்பது கடினம். கால்சியம் பெக்டினை இறுகச் செய்து தளப்பொருளையே மாற்றும் என்பது உண்மை. ஆனால் இறுகிய சங்கிலியை நொதி எளிதில் அணுகாது. அதனால் வேகம் குறைய வேண்டுமே தவிர, கூட வேண்டியதில்லை.

நொதியின் அமைப்பும் ஐயத்தை வலுப்படுத்துகிறது. 1999-இல் வெளியான எண்டோபாலிகேலக்டுரோனேஸ் 2-இன் படிக அமைப்பில் 180, 201, 202 ஆகிய இடங்களின் அஸ்பார்டிக் அமிலங்கள் வினைமையத்தில் உள்ளன. இவற்றுள் ஒன்று புரோட்டானை வழங்கியாக வேண்டும். பி.எச். 8.5-இல் அது புரோட்டானுடன் நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஒற்றைப் பட்டை தூய்மைக்குப் போதுமான சான்றன்று. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரில் ஏழு எண்டோபாலிகேலக்டுரோனேஸ் மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றின் புரதங்கள் பலவும் பெக்டின் லையேஸ்களும் நெருங்கிய மூலக்கூறு நிறை கொண்டவை. சில பாக்டீரியங்களில் காரநிலைப் பாலிகேலக்டுரோனேஸ் உண்டு என்ற மறுப்பும் இங்கு உதவாது. அது இரட்டை உச்சத்தை விளக்குவதில்லை.

தீர்மானிக்கும் சோதனை எளியது. மாதிரியைச் சூடாக்கி, இரு பி.எச். நிலைகளிலும் எஞ்சும் செயல்பாட்டை நேரவாரியாக அளக்க வேண்டும். இரு வளைகோடுகளும் வேறு வேகத்தில் சரிந்தால் நொதிகள் இரண்டு. ஒன்றாகச் சரிந்தாலும், கொதிக்கவைத்த நொதியைக் கொண்ட கட்டுப்பாடும் 235 நானோமீட்டர் அளவீடும் இல்லாமல் ஒரே நொதி என்று முடிவு கட்டலாகாது. இச்சோதனைகள் இல்லாத தூய்மையாக்க அட்டவணை ஒரு கலவையின் மொத்தச் செயல்பாட்டையே தருகிறது. அதிலிருந்து பெறும் வினைவேக மாறிலிகளை எந்த நொதியின் பெயரிலும் பதியக் கூடாது.