லயன் காம்பராவும் காசநோயும்

நமுனுகுல மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களின் பழைய லயங்களைக் கண்டோர், காசநோய் பரவ இதனினும் ஏற்ற இடம் வேறில்லை என எண்ணுவர். ஒரே காம்பராவில் குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கும். இத்தகைய வீட்டில் நோயாளியை வைத்துப் பரிகரித்தல் இயலுமா? இவ்வினாவுக்கு விடை சென்னையிலே கிடைத்தது.

1956இல் அங்கு நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், ஏழை நோயாளர் 193 பேரை இரு கூறாக்கியது. ஒரு சாரார் சானற்றோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மறு சாரார் நெருக்கடி மிக்க தம் வீடுகளிலேயே இருந்தனர். மருந்து இரு சாரார்க்கும் ஒன்றே: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். ஆகிய இரண்டும் ஓராண்டுக்கு. 1959இல் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவிற் குணமடைந்திருந்தனர். ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கியபோது, வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாரிடையேயும் நோய் மிகுந்திருக்கவில்லை. நோயைத் தீர்த்தது தூய காற்றன்று, மருந்தே. மலைக்காற்றுக்குக் குறைவில்லாத ஊவாவில் இதனை எவரும் முன்னரே ஊகித்திருக்கலாம்!

ஆயின் மருந்து இடையறாது செல்லல் வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனித்து வழங்கிய 1940களிலேயே கிருமி அதனை எதிர்க்கத் தொடங்கிவிட்டது. பின்னர் ஐசோனியாசிட், றிபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத கிருமிகளும் தோன்றின. மருந்துக்காகப் பதுளை செல்லும் தொழிலாளி அன்றைய ‘பேரை’ இழக்கிறார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

எச்.ஐ.வி. வந்தபின் இக்கேடு இரட்டித்தது. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானற்றோரியம், 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளரையும் ஏற்றது, 2004இல் அங்கு அந்நோய்க்கான மருந்து இலவசமாயிற்று. இரு நோய்களையும் ஒருங்கே பரிகரித்தல் எளிதன்று. றிபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றின் செறிவைக் குருதியிற் குறைத்துவிடும்.

ஊவாவைப் போன்றே தமிழ்த் தொழிலாளர் பெயர்ந்து சென்ற பழைய நேற்றாலில், துகேலா பெரி என்னும் சிற்றூரில், பெரும்பாலான மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டதாக 2006இல் அறிவிக்கப்பட்டது. அவர்களுள் 52 பேர் இறந்தனர். எச்.ஐ.வி. சோதனைக்குட்பட்ட அனைவரிடமும் அந்நோய் இருந்தது.

இலங்கையில் இவ்விரு கேடுகளும் இன்றும் அருகியே காணப்படுகின்றன. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு, எச்.ஐ.வி. உள்ளோர்க்கும் பொருந்துமாறு, ஊசியின்றி மாத்திரைகளாலேயே ஆறு மாதத்தில் முடியும் பரிகாரத்தைப் பரிந்துரைத்தது. இப்பரிகாரத்தில் ஊசியின் பொருட்டு நாள்தோறும் மருத்துவமனை செல்லவேண்டியதில்லை. லயன் காம்பராவிலேயே அதனை உட்கொள்ளலாம்.