மார்க்கியபாவா – பிஞ்ஞாமி நோயும் மூளைப் படங்களும்

மூளையின் வல, இட அரைக்கோளங்களை இணைத்து நிற்பது நரம்புநார்களாலான தடித்த பாலமொன்றாகும். நெடுங்காலம் மிகையாக மது அருந்தியோர் சிலரிடத்து இப்பாலம் சிதைவுறுதலை 1903ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர்கள் எத்தோரே மார்க்கியபாவா, அமிக்கோ பிஞ்ஞாமி என்னும் இத்தாலிய நோயியலறிஞர்களாவர். இருவரும் அதற்கு முன்னரே மலேரியா ஆய்விற் பெயர்பெற்றவர்கள். ‘பிளாஸ்மோடியம்’ என்ற பெயரே 1885இல் மார்க்கியபாவாவும் செல்லியும் இட்டதாகும்.

அவர்கள் ஆராய்ந்தவை வலிப்பும் ஆழ்மயக்கமுமுற்று இறந்த குடிகாரர் மூவரின் மூளைகள். பாலத்தின் நடுப்படை அழிந்திருக்க, மேலும் கீழுமுள்ள மெல்லிய படைகள் எஞ்சியிருத்தல் இந்நோயின் தனியடையாளமாகக் கொள்ளப்பட்டது.

அதன்பின் இரு கருத்துகள் நிலைபெற்றன. இந்நோய் இத்தாலியரின் செந்திராட்சை மதுவால் விளைவது என்பது ஒன்று. தப்பாது உயிர்கொள்வது என்பது மற்றையது. பிறநாட்டவரிடத்தும், பிறவகை மது அருந்தியோரிடத்தும், அரிதாக ஊட்டக்குறைவுற்ற மது அருந்தாதாரிடத்தும் நோய் காணப்பட்டமையால் முன்னையது தளர்ந்தது. பின்னையதோ நெடிது நின்றது. அதற்குக் காரணம் நோயின் இயல்பு மட்டுமன்று. அதனை அறிந்த வழியுமாகும். தள்ளாட்டம், பேச்சுக் குழறல், அறிவு மயக்கம் ஆகிய குறிகள் குடியால் வரும் பிற கேடுகளிலும் உள்ளன. ஆதலின் உயிரோடிருப்போரிடத்து நோயைத் துணிதல் அரிதாயிற்று. பிரேத பரிசோதனையே சான்றாயிற்று. இறந்தோரை மட்டும் எண்ணிய கணக்கிற் பிழைத்தோர் எவ்வாறு இடம்பெறுவர்?

1971இல் ஹவுன்ஸ்பீல்டின் கணினிக் கதிர்ப்படக் கருவி இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. எண்பதுகளிற் காந்தப் பரிவுப் படமும் பரவலாயிற்று. பாலத்தை நெடுக்குவெட்டாகக் காட்டவல்ல இப்படங்களால் நோய் உயிருள்ளோரிடத்தே இனங்காணப்பட்டது. தயமின் ஏற்றப்பெற்று நலமடைந்தோரும் மருத்துவ ஏடுகளிற் பதிவாயினர். சிலரிடத்துப் படத்திற் கண்ட மாற்றங்களே பின்னர் மறைந்தன. அழிவுக்கு முன்னர் மீளத்தக்க வீக்கநிலையொன்று உண்டென்பது இவ்வாறே புலனாயிற்று. 2004இல் ஹைன்றிச் முதலியோர் நோயை இருவகைப்படுத்தினர்: ஆழ்மயக்கத்தோடு பாலம் பெரும்பாலும் முழுதாகப் பாதிக்கப்படுவது, ஒரு பகுதியே பாதிக்கப்பட்டு, உணர்வு பெரிதுங் குன்றாதது. பின்னையதில் நலம்பெறுதல் மிகுதி.

எனினும் படத்தையே முற்றான சான்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. தொற்று, குருதிவெல்லக் குறைவு, வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆகியனவும் இப்பாலத்தில் ஒத்த தோற்றத்தைத் தற்காலிகமாக ஏற்படுத்தும். ஆகவே நோயாளியின் குடிவரலாற்றையும் உணவு நிலையையும் வைத்தியர் உடன்வைத்து நோக்குவர். ஐயம் எழுந்தவிடத்து, முடிவுக்குக் காத்திராது தயமின் கொடுத்தலே இன்றைய வழக்கமாகும்.